ஒற்றைப்படைத் தேர்ச்சி

திருச்சிராப்பள்ளிக்கு நாகரிகம் வந்து சேர்ந்தது 1986-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, தென்னூரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில். அதற்கு முன்பே இந்த ஊரில் கோட்டை இருந்தது, கோயில் இருந்தது, பெரிய பெரிய கல்லூரிகள் இருந்தன என்று சிலர் வாதாடுவார்கள். இருந்தன, மறுக்கவில்லை. கோயிலிலும் செருப்பைக் கழற்றலாம், தூரத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் ஏ.சி. கிடையாது.

எங்கள் மாடியில் மூன்றும் இருந்தன. உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

அதைக் கொண்டுவந்த தீர்க்கதரிசி திரு. அற்புதசாமி. பதினெட்டு வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். நான் அவரிடம் பதினொரு வருடம் வாத்தியாராக வேலை பார்த்தவன். சனிக்கிழமை சாயங்காலம் பெயிண்டர் வந்து போர்டில் 'டைப்ரைட்டிங்' என்பதை அழித்து 'கம்ப்யூட்டர்' என்று எழுதினான். அன்று இரவு டைப்ரைட்டிங் வாத்தியாராகப் படுத்த நான், திங்கட்கிழமை 'தலைமைப் புரோகிராமிங் பேராசிரியர் சகாயநாதன்' ஆனேன். இடையில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனதைத் தவிர நான் வேறு எந்தப் பயிற்சியும் எடுத்துக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டர் இருந்தால் போதுமா? தேர்வு வேண்டாமா? தேர்வு இல்லாத படிப்பை நம் ஊரில் படிப்பு என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே 'அகில இந்தியப் புரோகிராமர் சான்றிதழ் வாரியம்' உருவானது. அதன் தலைவர் அற்புதசாமி. தலைமை அலுவலகம் எங்கள் மாடியிலேயே, தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் இருந்த மேஜை. காரைக்காலில் வாரியத்துக்கு ஒரு ஏஜென்ட் இருந்தார். காரைக்கால் தமிழ்நாட்டில் இல்லை என்பதால் 'அகில இந்திய' என்று போட்டுக்கொள்வதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

முதல் அணியில் இருபத்து நான்கு பேர் சேர்ந்தார்கள். பதிவெண் ஒன்று முதல் இருபத்து நான்கு வரை. அவர்களில் பதினான்காம் எண், உப்பிலியபுரத்திலிருந்து வந்த வள்ளிக்கண்ணு. பி.எஸ்ஸி. கணிதம் படித்த பெண். அப்பா பிச்சைமுத்து வெங்காயம் போடுகிறவர். தினமும் விடியும் முன்பே துறையூர் பஸ் பிடித்து வருவாள். தஞ்சாவூர் ரோட்டில் ஒரு மில், 'டேட்டா செக்‌ஷன்' பயிற்சிக்கு இரண்டு பேர் எடுக்கப்போவதாக விளம்பரம் கொடுத்திருந்தது. ஜூன் இருபதாம் தேதி புரோகிராமர் சான்றிதழை நேரில் காட்ட வேண்டும். அதை நம்பித்தான் அவள் சேர்ந்தாள். வந்த முதல் நாளே விளம்பரத்தை வெட்டி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தாள்.

இனி மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் இதைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் வரக்கூடும்.

கம்ப்யூட்டர் ஒன்று, மாணவர்கள் இருபத்து நாலு. ஆளுக்கு வாரம் ஏழு நிமிடம்தான் அதைத் தொடலாம். மீதி நேரம் என்ன செய்வது? இந்தப் பிரச்சினையை ஒரே மூச்சில் தீர்த்துவைத்தவர் ஸ்ரீரங்கம் தேசிகாச்சாரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். எங்கள் நிறுவனத்தின் 'ஞாபகத் துறை'த் தலைவர்.

"ஸ்வாமி, எங்கள் அகத்துக் குழந்தைகள் பாசுரம் எப்படிக் கத்துக்கிறா? சந்தை சொல்லித்தானே? ஆசார்யன் ஒரு தரம் சாதிப்பார். சிஷ்யாள் ரெண்டு தரம் திருப்பிச் சொல்லுவா. ஆயுசுக்கும் மறக்காது. அடியேன் புரோகிராமையும் அப்படியே ஏத்திடறேன்" என்றார்.

"மெஷின் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? மெஷினுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமே. தெரியாதவாளுக்குத்தானே சொல்லிக்கொடுக்கணும்?"

பதினொரு வருட அனுபவமுள்ள எனக்கே இந்த நுட்பம் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து மாடி அதிர்ந்தது. தேசிகாச்சாரி கண்ணை மூடிக்கொண்டு, "லெட் என் ஈக்வல்டு என் பிளஸ் ஒன்" என்பார். இருபத்து நாலு பேரும் ஒரே குரலில், "லெட் என் ஈக்வல்டு என் பிளஸ் ஒன்! லெட் என் ஈக்வல்டு என் பிளஸ் ஒன்!" என்பார்கள். கீழே புடவை எடுக்க வந்த ஓர் அம்மாள் ஜெபக் கூட்டம் என்று நினைத்து முக்காடு போட்டுக்கொண்டார். புரோகிராம் புரியாத எனக்கே உடம்பு சிலிர்த்தது.

மாதம் ஒன்று போனது. எழுதிப் பார்க்கச் சொன்னோம். பையன்களும் பெண்களும் காதில் ஏறியபடியே எழுதினார்கள், ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை.

இதைச் சிலர் குறை என்பார்கள். நாங்கள் அவசரப்படவில்லை. விஞ்ஞான முறைப்படி அந்தப் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குள் போட்டுப் பார்த்தோம். பதிவெண் வாரியாக மாணவர் பெயரையும் மார்க்கையும் அச்சடிக்கும் புரோகிராம் அது. இரட்டித்த வரிகளில் சிலவற்றை மெஷின் ஏற்காமல் கூச்சல் போட்டது, அவற்றை ஒற்றையாக்கினோம். 'அச்சிடு' என்ற வரி இரட்டித்ததால் ஒவ்வொரு பெயரும் இரண்டு தடவை வந்தது. "பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குது?" என்று அற்புதசாமி தன் கையாலேயே ஒன்றை நீக்கினார். கடைசியில் ஒரே ஒரு வரிதான் இரண்டு தடவை நின்றது. பதிவெண்ணைக் குறிக்கும் 'என்'னோடு ஒன்றைக் கூட்டு, 'என்'னோடு ஒன்றைக் கூட்டு. மெஷின் அதைப் பார்த்து முணுமுணுக்கவே இல்லை. பட்டியலும் முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தது.

"பாத்தியா சகாயம், பாதிப் பேப்பர்லயே முடிஞ்சுட்டுது! இதுக்குப் பேருதான் முன்னேற்றம்" என்றார் அற்புதசாமி.

அந்த வாரமே 'புரோகிராமர் தேர்வு வழிகாட்டி – திருத்திய பதிப்பு' ஆயிரம் பிரதி அச்சாகி வந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்தப் புரோகிராம், இரட்டை வரியோடு. பக்கத்தில் இரண்டு நட்சத்திரம்: கட்டாயம் வரும், நாற்பது மார்க்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்த பிறகு வள்ளிக்கண்ணு என்னிடம் வந்தாள்.

"சார், நாப்பத்தேழாம் பக்கத்துல ஒரு சந்தேகம்."

"சந்தேகம் தேர்வுக்கு ஆகாதும்மா."

"இல்ல சார். ஒண்ணைக் கூட்டுறது ரெண்டு தடவை இருக்கு. அப்ப ஒண்ணுக்கு அப்புறம் மூணு, அஞ்சு, ஏழுன்னு போயிடும். மலைக்கோட்டையில ரெண்டு ரெண்டு படியா தாவி ஏறுனா நடுப்படியில கால் படாதுல்ல? அந்த மாதிரி ரெட்டை நம்பர்ல இருக்கவங்க யாருமே லிஸ்ட்ல வர மாட்டாங்க."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பேராசிரியர்கள் யோசிக்கும்போது அப்படித்தான் செய்ய வேண்டும்.

"ஏம்மா, மெஷினே ஒத்துக்கிட்ட வரியை நீ ஒத்துக்க மாட்டியா?"

"மெஷின் கூட்டுன்னா கூட்டும் சார். எதுக்குன்னு கேக்காது."

"நீயும் கேக்காத. மனப்பாடம் பண்ணு" என்று ஆசீர்வதித்து அனுப்பினேன்.

ஏப்ரலில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு நடந்தது. கம்ப்யூட்டர் தேர்வு என்பதால் கம்ப்யூட்டரை வெளியே எடுக்கவில்லை; தூசி படும். பேனாவும் பேப்பரும்தான். நாற்பத்தேழாம் பக்கம் சொன்னபடியே கேள்வியாக வந்தது. இருபத்து மூன்று பேர் உதட்டை அசைத்து அசைத்து எழுதினார்கள். தேர்வு மண்டபம் முழுக்க ஒரு மெல்லிய ரீங்காரம் இருந்தது. தேசிகாச்சாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

விடைத்தாள்களை நான்தான் திருத்தினேன். வழிகாட்டியை ஒரு பக்கம் வைத்து, வரிக்கு வரி விரல் வைத்து ஒப்பிட்டேன். இருபத்து மூன்று பேருக்கும் நாற்பதுக்கு நாற்பது. வள்ளிக்கண்ணு மட்டும் அந்த வரியை ஒரே தடவை எழுதியிருந்தாள். 'ஒரு வரி குறைவு' என்று சிவப்பு மையில் எழுதி ஐந்து மார்க் குறைத்தேன். அப்படியும் அவளுக்கு எழுபத்தொன்று. தாராளமாகப் பாஸ்.

ஜூன் பதினான்காம் தேதி முடிவுகள் 'முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர் மூலம்' வெளியிடப்பட்டன. நாற்பத்தேழாம் பக்கப் புரோகிராமைப் போட்டு, அற்புதசாமி தன் சுண்டுவிரலால் பொத்தானை அழுத்தினார். ஒன்று, மூன்று, ஐந்து என்று இருபத்து மூன்று வரை பன்னிரண்டு பெயர்கள் வந்தன. பட்டியலை வாசலில் ஒட்டினோம். கூட்டம் கூடியது. பதினைந்தாம் எண் ரோசரி துள்ளிக் குதித்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற வள்ளிக்கண்ணு பதின்மூன்றையும் பதினைந்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு பேர் இல்லாமல் போயிருந்தார்கள். பெயிலாகவில்லை. பெயிலானால் பெயராவது இருக்கும்.

உடனே வாரியத்தின் அவசரக் கூட்டம் கூடியது: தலைவர், ஞாபகத் துறை, நான். வள்ளிக்கண்ணு வாசலில் நின்றாள். முழுக் கூட்டத்தையும் அவளுக்குக் கேட்கும்படியாகவே நடத்தினோம். எங்களிடம் ஒளிவுமறைவு கிடையாது.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமா?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"பண்ணாது" என்றேன்.

"அப்ப ரெட்டை நம்பர்காரங்க?"

தேசிகாச்சாரி தொண்டையைக் கனைத்தார். "ஒத்தைப்படைதானே மங்களம்? கல்யாணத்திலே நூறு ரூபாய் எழுதறோமா, நூத்தியொண்ணு எழுதறோமா? மெஷின் விவரமாத்தான் பண்ணியிருக்கு."

"அதைவிட ஒண்ணு யோசிங்க" என்றார் அற்புதசாமி. "இருபத்தி நாலு பேரும் பாஸ்னா இதை எவன் பரீட்சைன்னு மதிப்பான்? சரியா பாதிப் பேரு! அம்பது சதவீதம்! இப்பத்தான் தரமான தேர்வு."

வள்ளிக்கண்ணு உள்ளே வந்துவிட்டாள்.

"சார், என் பேப்பர்ல என்ன மார்க்குன்னு சகாயம் சாருக்கே தெரியும். எனக்கு லிஸ்ட் மாத்த வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டு இன்னொரு தடவை ஓட்டுங்க. ரெண்டு நிமிஷம். எல்லாரும் வந்துடுவோம். இருபதாந் தேதி மில்லுல காட்டணும் சார்."

அற்புதசாமி அவளை மிகுந்த அன்போடு பார்த்தார். "யம்மா, வரியை எடுத்தா என்ன அர்த்தம்? வரி தப்புன்னு ஆயிடும். தப்புன்னா அதை எழுதி நாப்பது மார்க் வாங்கின அந்தப் பன்னெண்டு பேரும் பெயில். வழிகாட்டி ஆயிரம் காப்பியும் தப்பு. நீ ஒருத்தி பாஸாக ஊரையே பெயிலாக்கச் சொல்றியே, நியாயமா?"

"நான் சரியாத்தானே எழுதினேன்?"

"சரியா எழுதுறது பெரிசில்லம்மா. எல்லாரும் எழுதுற மாதிரி எழுதணும்" என்றார் தலைவர். இந்த வாக்கியத்தைப் பிற்பாடு நிறுவனத்தின் குறிக்கோளாக லெட்டர்பேடில் போட்டோம்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: இரட்டைப்படை மாணவர்கள் 'இரண்டாம் கட்டத் தேர்ச்சிக்கு உரியவர்கள்', டிசம்பரில் மறுபடி எழுதலாம், இம்முறை ஒற்றைப்படை எண் கேட்டு விண்ணப்பிக்க வாரியம் அனுமதிக்கும்.

வள்ளிக்கண்ணு என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க. நான் சொன்னது தப்பா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்படுவது தீர்மானத்தில் இல்லை. "டிசம்பர்ல நல்லாப் பண்ணும்மா" என்றேன்.

அவள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தை மெதுவாக உரித்தாள். அதை ரோசரியிடம் கொடுத்தாள். "நீ போ. இருபதாந் தேதி பத்து மணி. கேட்லயே சான்றிதழ் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். மில்லில் ரோசரிக்கு வேலை கிடைத்தது. வள்ளிக்கண்ணு டிசம்பரில் வரவில்லை.

எங்கள் நிறுவனம் இப்போது மூன்று கிளைகளாக வளர்ந்திருக்கிறது. வழிகாட்டி நான்காம் பதிப்பு போயிருக்கிறது. போன மாதம் அற்புதசாமிக்குப் பாராட்டு விழா நடந்தது. 'கம்ப்யூட்டர் கல்வியில் எங்கள் பங்கு' என்று என்னைப் பேசச் சொன்னார்கள். நிறையப் பேசினேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த மார்ச் மாத மத்தியானம், வள்ளிக்கண்ணுவை மனப்பாடம் பண்ணச் சொல்லி அனுப்பிய பிறகு, ஏ.சி. அறையைத் திறந்து உள்ளே போனேன். கதவைத் தாழிட்டுக்கொண்டேன். நாற்பத்தேழாம் பக்கப் புரோகிராமைத் தட்டி, அந்த இரட்டை வரியில் ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். இருபத்து நாலு பேரும் வந்தார்கள். பதினான்காவது வரியில் 'வள்ளிக்கண்ணு பி.' என்று பளிச்சென்று இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எடுத்த வரியைத் திரும்ப அதே இடத்தில் போட்டேன். வெளியே வந்து, உபயோகப் பதிவேட்டில் அந்த நேரத்துக்கு எதிரே 'கரண்ட் இல்லை' என்று எழுதி, தெளிவாகக் கையெழுத்தும் போட்டேன்: சகாயநாதன், தலைமைப் புரோகிராமிங் பேராசிரியர்.