ஒரு அன்னாசிக்கு அரை நாள்

திங்கட்கிழமை காலை ரூபேந்திரன் கூரியர் நிறுவனத்தோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பெட்டியை ஒப்படைத்தாயிற்று, கையெழுத்தும் வாங்கியாயிற்று என்று மறுமுனை மலாயில் பொறுமையாகச் சொன்னது. அவர்கள் அனுப்பிய படத்தில் ஒரு கிறுக்கல் இருந்தது.

"இது யாரு போட்ட கையெழுத்து? கோழி போட்டதா?"

பின்வாசல் ஸ்டோரில் பெட்டி இல்லை. கம்பெனிக்கு வரும் பார்சல் எல்லாம் அங்கேதான் வரும். அப்படியானால் கூரியர்க்காரன் பொய் சொல்கிறான். ரூபேந்திரன் சூட்டோடு சூடாக ஒரு புகாரும் எழுதி அனுப்பினான்.

செடெனாக்கில் ராஜசேகரன் நடத்தும் சிறிய கம்பெனி அது. பொந்தியானில் உள்ள ஓர் அன்னாசித் தொழிற்சாலைக்காக, பழத்தைக் கேமராவில் பார்த்துக் காயையும் கனியையும் பிரிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். நிறத்தைப் பார்த்துச் சொல்வது எஃப்பிஜிஏ என்ற சில்லு. அதன் உள்வடிவமைப்பு ஷர்மைனின் வேலை. சில்லு சொன்னதைக் கேட்டுப் பழம் விழும் கதவைத் திறக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல் ரூபேந்திரனுடையது. இரண்டையும் ஏற்றிப் பார்க்க வேண்டிய போர்டுதான் காணாமல் போன பெட்டியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலை மேலாளர் ஐலீன் வருகிறார். இயந்திரம் காயையும் கனியையும் சரியாகச் சொல்லாவிட்டால் வேலை சிங்கப்பூர் கம்பெனிக்குப் போய்விடும். அதோடு ரூபேந்திரனும் வேலை தேடி அங்கேயே போக வேண்டியதுதான். தினமும் விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று அடுத்தவன் புகையைக் குடித்த காலம் அவனுக்கு மறக்கவில்லை.

"போர்டு இல்லன்னா என்ன பாஸ்? கம்ப்யூட்டரையே போர்டு மாதிரி நடிக்க வைக்கலாம்" என்று முதலாளியிடம் சொன்னான். சில்லு போல ஒரு நிரல் நடிக்கும், பக்கத்தில் ஃபர்ம்வேர் ஓடும், இரண்டும் பேசிக்கொள்ளும்.

பேசவில்லை. ஃபர்ம்வேர் கேள்வி கேட்டுவிட்டுக் கண் இமைக்கும் நேரம் காத்திருந்தது. நடிக்கும் சில்லோ ஆமை வேகத்தில் நகர்ந்தது. பதில் வராததால் சில்லு செத்துவிட்டதாக முடிவு செய்து ஃபர்ம்வேர் அதை முதலிலிருந்து எழுப்பியது. மறுபடி கேட்டது. மறுபடி எழுப்பியது.

"உங்க ஃபர்ம்வேருக்குப் பொறுமையே இல்ல லா" என்றாள் ஷர்மைன். "எழுதினவர மாதிரியே."

"உங்க சில்லு மட்டும் என்னவாம்? கவுண்டர்ல டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கிற ஆளு மாதிரி. நாலு வாட்டி கூப்பிட்டாத்தான் நிமிர்ந்து பாக்குது."

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினான். இப்போது இரண்டும் பேசின. ஆனால் ஒரே ஒரு அன்னாசியைப் பார்த்து முடிக்க அரை நாள் ஆனது.

வேகம் கூட்டக் கணக்குப் பிரிவு லோஷினியின் கம்ப்யூட்டரையும் இழுத்து இணைத்தான். சம்பளம் போடும் வேலை நின்றது, அலுவலகமே அவனை முறைத்தது. ஏற்றிய பாரத்தில் அறையின் மின்சாரம் துண்டித்துக்கொள்ள, பாதி பார்த்திருந்த அன்னாசியும் போனது.

படத்தைப் பாதியாக வெட்டினால் வேகம் வரும் என்று தோன்றியது. மேல் பாதியை வைத்துக்கொண்டான். வேகம் வந்தது. ஆனால் மேல் பாதியில் இருந்தது பழத்தின் இலைக்கொண்டை. பச்சையைத் தவிர வேறெதையும் பார்க்காத சில்லு, எல்லாப் பழத்தையும் காய் என்றது.

வேறு வழியில்லாமல், காய் என்றால் கனி, கனி என்றால் காய் என்று எடுத்துக்கொள்ளும்படி ஃபர்ம்வேரை மாற்றினான். அதே மத்தியானம் அவனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஷர்மைனும் தன் பக்கத்தில் காயைக் கனியாக மாற்றியிருந்தாள். இருவரும் திருத்தியதில் கனி மறுபடி காயானது.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான்.

"நீங்க எப்ப காது குடுத்துக் கேட்டீங்க?"

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கூரியர்க்காரன். தினமும் காலையில் வரவேற்பு மேசைக்குப் பக்கத்துச் சாமி மாடத்தின் முன் நின்று ரூபேந்திரன் இதைத்தான் முறையிட்டான். வரவேற்பாளர் புஷ்பவள்ளி விளக்கேற்றி, எலுமிச்சையும் மல்லிகைச் சரமும் வைத்து, சிவப்புத் துணி போர்த்திய பீடத்துக்குப் பொட்டு வைப்பார். ரூபேந்திரன் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, அந்தக் கூரியர்க்காரனை நீயே பார்த்துக்கொள் சாமி என்பான்.

"என்ன தம்பி, முகமே சரியில்ல?" என்று புஷ்பவள்ளி ஒரு நாள் கேட்டார்.

"உங்ககிட்ட சொல்லி என்னக்கா ஆகப் போவுது? இது டெக்னிக்கல்."

வெள்ளிக்கிழமை ஐலீன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். வந்தபோது ராகு காலம் என்பதால் வாரப் பூசையை ராஜசேகரன் தள்ளிவைத்திருந்தார். படத்தை முழுசாக்கி, திருத்தங்களை எல்லாம் எடுத்துவிட்டு, ரூபேந்திரன் அன்னாசியை ஓடவிட்டான். திரையில் ஒரு கோடு நகர்ந்தது. நகர்ந்ததாகத்தான் அவன் சொன்னான்.

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் ஐலீன்.

"சாயங்காலம் டீ குடிக்கிறப்ப தெரிஞ்சிடும் மேடம்."

"எங்ககிட்ட லோரி லோரியா வருது. இந்த வேகத்துல பாத்தா பழம் அழுகிடும்."

இது நடிப்புதான், நிஜப் போர்டு நொடியில் செய்யும் என்று ரூபேந்திரன் விளக்கினான். போர்டு எங்கே என்று அவர் கேட்டார். கூரியர்க்காரனின் நேர்மையைப் பற்றி அவன் நீண்ட நேரம் பேசினான். ஐலீன் கைப்பையை எடுத்தார். ராஜசேகரன் அவனைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். ரூபேந்திரனுக்குப் பாலத்துப் புகையின் நெடி மூக்கில் ஏறியது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு புஷ்பவள்ளி வந்தார். ஒரு கையில் கற்பூரத் தட்டு. இன்னொரு கையில் சிவப்புத் துணி போர்த்திய பெட்டி, மேலே மல்லிகைச் சரம், நான்கு மூலையிலும் குங்குமம்.

"ராகு காலம் முடிஞ்சிருச்சு, இந்தாங்க தம்பி. போன வாரம் ஸ்டோர் பூட்டியிருந்தப்ப நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். புது மெஷினு, வெள்ளிக்கிழமை பூசை போடாம எப்படித் திறக்க விடுறது?"