கொழுவில் இடறிய கருப்பணார்

ஏர்க் கொழு 'ணங்' என்று இடித்ததும் கல் என்றுதான் தீர்த்தகிரி நினைத்தான். ஏரை நிறுத்திச் சோளக்காட்டு மண்ணைக் கையால் தள்ளினான். தேங்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை. தூக்கினால் தோள்பட்டை இறங்கியது.

நிமிர்ந்து சங்ககிரி மலையைப் பார்த்தான். உச்சியில் கோட்டை. பீரங்கிக் குண்டு இல்லாமல் இது வேறென்ன?

வேறு வருஷமாக இருந்தால் ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பான். இது வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லித் தண்டவாளம் பெயர்த்தார்கள், தந்திக் கம்பி அறுத்தார்கள் என்று போலீஸ் ஊர் ஊராகச் சுற்றிய வருஷம். போன வாரம்தான் தமுக்கு அடித்திருந்தார்கள்: துப்பாக்கி, குண்டு எது இருந்தாலும் ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும், மறைத்தால் ஜெயில். கொடுக்கலாம்தான். ஏதோ விசாரிக்கவேண்டும் என்று கூப்பிட்டு ஸ்டேஷனுக்குப் போன பக்கத்து ஊர்க்காரன் இன்னும் திரும்பவில்லை. போதாததற்குத் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட மலை தலைக்கு மேலேயே நின்றது.

முக்கியமாகப் பெருமாயிக்குத் தெரியக் கூடாது. போலீஸ் தொப்பியைத் தூரத்தில் கண்டாலே அவன் மனைவிக்குச் சோறு இறங்காது.

வைக்கோல் போருக்குள் செருகினான். வைக்கோல் பிடுங்குவது பெருமாயி என்பது பிறகுதான் உறைத்தது. கம்புக் குதிருக்குள் போட்டான். கம்பு அள்ளுவதும் அவள்தான். வீட்டில் அவள் கை படாத இடமே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

கடைசியில் காட்டோர வேப்பமரத்தடியில் பாதி புதைத்து, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டான். சாமியை யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் காலை பெருமாயி அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இது எப்ப வந்துச்சு?"

"எது? அட, சாமியாட்டமில்ல இருக்குது."

"சாமியேதானுங்க," என்றாள் பெருமாயி சட்டென்று.

ஓடிப்போய் இன்னும் மஞ்சள் அரைத்து வந்து, இரும்பு துளியும் தெரியாமல் அப்பினாள். வேப்பிலை சாத்தினாள். அவள் பக்தியைப் பார்த்துத் தீர்த்தகிரியும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பக்கத்து வீட்டுச் சின்னாயி வந்தாள். உருண்டையையும் பெருமாயியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஊரே வந்துவிட்டது. கோட்டைக் கருப்பணார் என்று பேரும் வைத்தாகிவிட்டது. கோட்டை வாசலைக் காத்த தளபதி அவர், சண்டையில் வெட்டுப்பட்ட தலைதான் மலையிலிருந்து உருண்டு வந்து இங்கே நின்றது என்றார் தறிக்கார மணியன். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குக் கனவில் வந்தது என்றார்.

கூட்டம் என்றதும் ஏட்டு வீரபாகு சைக்கிளில் வந்து இறங்கினார். குனிந்து பார்த்தார். சுரண்டிப் பார்க்க விரலை நீட்டினார்.

"தொடாதீங்க சாமி," என்று பெருமாயி குறுக்கே வந்தாள். "துடியான தெய்வம். நானே ஞாயித்துக்கெழமை முடி எறக்கறதா வேண்டியிருக்கறனுங்க."

வீரபாகு விரலை மடக்கிக்கொண்டார். தொப்பியைக் கழற்றித் திருநீறு வாங்கிப் பூசினார். மனைவிக்குத் தீராத மூட்டுவலி, ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெருமாயியின் முடி அவிழ்த்துவிட்டால் கட்டிலுக்குக் கீழே தொங்கும். அவள் தலைக்கு ஊற்றி உலர்த்தும்போதெல்லாம் தீர்த்தகிரிக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். கல்யாணமான நாள்முதல் அப்படித்தான். அந்த முடி ஒரு குண்டுக்காகப் போகப் போகிறது. வேண்டாம் என்று அவன் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தான். ஏட்டய்யா முன்னால் சொன்னதை மாற்ற முடியாது என்று அவள் முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாவிதர் கத்தி தீட்டினார். ஏட்டும் மனைவியும் முன்வரிசையில் நின்றார்கள். பெருமாயி கொண்டையை அவிழ்த்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"நிறுத்துங்க," என்றான் தீர்த்தகிரி. "அது சாமியில்லீங்க, குண்டு. என்ற ஏருல சிக்குச்சு. நாந்தான் மஞ்சப் பூசி வச்சேன். என்னையக் கூட்டிட்டுப் போங்க ஏட்டய்யா. அவ முடிய விட்டுருங்க."

வீரபாகு நெற்றியைத் தடவிப் பார்த்தார். திருநீறு கையோடு வந்தது.

"இதை ஸ்டேஷன்ல எழுதுனா, நான் குண்டைக் கும்பிட்டதையும் சேத்தில்ல எழுதோணும்," என்றார். "கெணத்துல உருட்டி உடு. நான் ஒண்ணையும் பாக்கல." சைக்கிளை எடுக்கப் போனவர் திரும்பினார். "அது கெடக்கட்டும். வருஷா வருஷம் உழுவற காட்டுல, இத்தனை நாளா இது எங்கய்யா இருந்துச்சு?"

தீர்த்தகிரிக்கும் அது விளங்கவில்லை. பெருமாயி அவிழ்ந்த முடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். சின்னாயிக்குத்தான் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"மலைக்கு வெறகுக்குப் போனப்ப, வெளக்கெண்ணெய்க்குக் கொட்டமுத்து நசுக்க ஆகும்னு இவதானுங்க அதைத் தூக்கியாந்தா. தமுக்குச் சத்தம் கேட்டதும், 'எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பயத்துல சோறு எறங்காது'ன்னு என்னையுங் கூட்டிட்டுப் போயி அந்தக் காட்டுல பொதைச்சதும் இவதானுங்க."