வேந்தரின் வாலும் நிதானவல்லியின் பட்டமும்

ஒரு காட்டில் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பக்கத்துக் காட்டில் இருந்தது, அதனால் இங்கேயும் வைத்தார்கள். வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரத் துரைகள் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கப்பலேறிய புதிது. சுதந்திரக் காட்டுக்கு என்ன வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். குடிதண்ணீர் வேண்டும் என்று மான்கள் சொன்னது குறிப்பில் ஏறவில்லை. பல்கலைக்கழகம் வேண்டும் என்று நரி சொன்னது ஏறியது. நரியே பதிவாளர் ஆனது.

சிங்கம் வேந்தர். காட்டுக்கு ராஜா எவரோ அவரே பல்கலைக்கழகத்துக்கும் வேந்தர் என்று சட்டம். அவர் படித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. விழித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள் பட்டமளிப்பு விழாவுக்கு வருவார். போன வருஷம் வாசித்த உரையையே வாசிப்பார். கேட்டவர்களுக்கும் அது தெரியாது, வாசித்தவருக்கும் தெரியாது. பட்டம் கொடுப்பார், விருந்து சாப்பிடுவார், போய்விடுவார். இதற்குப் பெயர் நிர்வாகம்.

அந்த நிர்வாகத்தின் முதல் விழாவில், முதல் வகுப்பில் தேறி, முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவள் நிதானவல்லி என்ற ஆமை. "நீங்கள்தான் நாளைய காட்டின் தூண்கள்" என்று வேந்தர் வாசித்தபோது அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. குளத்தில் குடியிருப்பவளுக்குக் காகிதத்தில் பட்டம் கொடுத்தது எந்த மகானுபாவரின் யோசனையோ தெரியவில்லை. அந்த மழைக்காலத்திலேயே மை கரைந்தது, அடுத்த மழையில் காகிதமும் போனது. அவள் கவலைப்படவில்லை. படித்தது மண்டையில் இருந்தது. குளத்தங்கரையில் பள்ளிக்கூடம் ஆரம்பித்துத் தலைப்பிரட்டைகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தாள். தண்ணீரில் நிழல் விழுந்தால் அது மேகமா கொக்கா என்று கண்டுபிடிக்கவும் சொல்லிக் கொடுத்தாள். அந்தக் குளத்தில் இன்று கத்திக்கொண்டிருக்கும் தவளை ஒவ்வொன்றும் அவளிடம் படித்ததால்தான் உயிரோடு கத்துகிறது.

காலம் போனது. வேந்தர் செத்தார். அவர் மகன் வேந்தரானான், அவனும் செத்தான், பேரன் வந்தான். நரிக்குப் பதில் நரியின் பேரன் வந்தது. ஆமைக்கு மட்டும் ஆயுசு கெட்டி. ஒரு கோடையில் கல்வி ஆய்வாளர் கொப்பையா குளத்தங்கரைக்கு வந்தார். கொப்பையா ஒரு கிழட்டுக் குரங்கு, முதல் வேந்தர் காலத்து ஆள். குரங்கு அத்தனை வருஷம் வாழுமா என்று சந்தேகப்படுபவர்கள், அது ஆய்வாளரானதை மட்டும் எப்படி நம்பினீர்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்ளவும்.

"டீச்சரம்மா, புது உத்தரவு. பட்டச் சான்று இல்லாதவங்க பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது. மழைக்கு முன்னால காட்டணும். இல்லேன்னா குளத்தைத் தகுதியான ஆள்கிட்ட ஒப்படைச்சிடுவோம்."

"தகுதியான ஆள் யாரு சார்?"

"முதலை. மனு போட்டிருக்கு. பக்கத்துக் காட்டுல தபால் வழியாப் படிச்சிருக்கு. சான்றிதழ் எல்லாம் பக்கா."

நிதானவல்லிக்கு ஓட்டுக்குள் குளிர்ந்துவிட்டது. "பிள்ளைங்களை முதலைகிட்டயா விடப் போறீங்க?"

"அதெல்லாம் பாடத்திட்டக் குழு பார்க்கும். நான் சான்றிதழை மட்டும்தான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கொப்பையா மரத்துக்கு மரம் தாவிப் போய்விட்டார்.

அவள் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்துக்கு நடந்தாள். அது மலையடிவாரத்தில் ஒரு பெரிய வளை. காப்பாளர் வளையப்பன் ஒரு பெருச்சாளி. அவருக்கு முன்னால் அவர் அப்பா, அதற்கு முன்னால் அவர் தாத்தா. காகிதத்தைப் பாதுகாக்கப் பெருச்சாளியை வைத்த காடு உருப்படுமா என்று எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் கதையைச் சொல்லியாக வேண்டும்.

"நான் முதல் விழாவுல பட்டம் வாங்கினவ, தம்பி. மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்து ஒரு நகல் கொடுங்க."

"மதிப்பெண் பதிவேடா? அதை விதிப்படி எப்பவோ அழிச்சாச்சு டீச்சர்."

"யாரு அழிச்சது?"

"எங்க குடும்பம்தான். விதிப்படி உக்காந்து சாப்பிட்டோம்." வளையப்பன் மீசையைத் தடவினார். "மாணவர் காகிதம் மூணு வருஷம் இருந்தாப் போதும். வேந்தர் நிர்வாகக் காகிதம் நிரந்தரம். அதுல எங்க பல்லே படக் கூடாது. வந்து பாருங்க, தும்பைப்பூ மாதிரி வச்சிருக்கோம்."

பார்த்தாள். வளைக்குள் கூரை முட்ட மூட்டைகள், எல்லாவற்றிலும் சிவப்பு நாடா. ஒரு மூட்டை முழுக்க, மேடையில் வேந்தரின் வால் இடப்பக்கம் தொங்கலாமா வலப்பக்கம் தொங்கலாமா என்ற கடிதப் போக்குவரத்து. இன்னொன்றில் மாலையின் எடை பற்றி யானையின் கருத்தும் அதற்கு ஒட்டகச்சிவிங்கியின் ஆட்சேபணையும். உரையின் நடுவே வேந்தர் விட்ட கொட்டாவியைக் குறிப்பில் கர்ஜனை என்று எழுதலாம் என ஒரு குழு பரிந்துரைத்திருந்தது. ஒரு தலைமுறையின் படிப்பைத் தின்று ஏப்பம் விட்டவர்கள், ஒரு சிங்கத்தின் கொட்டாவியைப் பூச்சி அரிக்காமல் வைத்திருந்தார்கள். அந்த அழகைப் பார்க்கப் பக்கத்துக் காட்டிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வேறு வந்துபோனார்களாம்.

"முதல் விழாவுக்கு ஏதாவது இருக்கா தம்பி?"

"பெரிய கோப்பே இருக்கு." வளையப்பன் இழுத்துப் போட்டார்.

அவள் ஓலையைப் படிப்பதுபோல் மெல்லப் படித்தாள். முதல் விழாவில் கொப்பையா என்ற குரங்கு மேடையேறி வேந்தரின் வாலைப் பிடித்து இழுத்தது. அது அவளுக்கும் நினைவிருந்தது. அன்று விருந்து வாழைப்பழத்தைத் திருட வந்த குரங்கு அது, பல்கலைக்கழகத்தின் வாசற்படியைக்கூட அதற்கு முன் மிதித்ததில்லை. வாழைத்தார் என்று நினைத்துத்தான் வாலை இழுத்தது. ஆனால் கோப்பில் குற்றச்சாட்டு இப்படித் தொடங்கியது: 'இப்பல்கலைக்கழகத்தின் பட்டதாரியாகிய கொப்பையா செய்த காரியம் பட்டதாரிக்கு அழகல்ல.'

"இது பட்டதாரியா? பழம் திருட வந்த பயல்!"

வளையப்பன் சிரித்தார். "வெளிக்குரங்கு மேடை ஏறிச்சுன்னு எழுதினா, காவலை ஏன் கோட்டை விட்டேன்னு பதிவாளர் தலை உருண்டிருக்கும். பட்டதாரின்னு எழுதிட்டா சொந்தப் பிள்ளை செஞ்ச சேட்டை. அந்தக் கடுதாசியைக் காட்டித்தான் கொப்பையா ஆய்வாளர் வேலைக்கே சேர்ந்தார், டீச்சர். இன்னிக்கு அந்த வருஷத்துக்கு ஆதாரத்தோட இருக்கிற ஒரே பட்டதாரி அவர்தான்."

நிதானவல்லி கடைசிப் பக்கம்வரை தேடினாள். ஒரே ஒரு வரி இருந்தது: 'ஏனைய பட்டதாரிகள் ஒழுங்காக நடந்துகொண்டனர்.'

"இதோ, இந்த ஏனையவில நான் இருக்கேன் தம்பி. முன்வரிசையில, முதல் ஆளா."

"ஏனையன்னு யார் வேணா வந்து சொல்லலாம் டீச்சர்." அவருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. "வேந்தருக்கு ஏதாவது ஆனாத்தான் இங்க காகிதம் நிக்கும். என்ன செய்ய?"

திரும்பி வரும் வழி நீளம், ஆமையின் நடைக்கு இன்னும் நீளம். குளத்துக்கு வந்து சேரும்போது அவள் யோசித்து முடித்திருந்தாள். கரையில் முதலை படுத்துக்கொண்டு தலைப்பிரட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தது. வருகைப் பதிவுக்காக என்றது.

அந்த வருஷத்துப் பட்டமளிப்பு விழாவுக்கு நிதானவல்லி அழைப்பில்லாமல் போனாள். மேடைக்குப் பக்கத்தில் போகும்வரை யாரும் தடுக்கவில்லை. வயசான அம்மா, வேந்தர் காலில் விழ வருகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். அங்கே எல்லோரும் செய்வது அதுதானே. அவளோ வாழ்நாளில் ஒருவரையும் கடித்ததில்லை. வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போது பேரன் வேந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "நீங்கள்தான் நாளைய காட்டின் தூண்கள்."

தாத்தாவின் உரை. ஒரு சொல் மாறவில்லை. இதற்கா நான் அன்று அழுதேன் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கண்ணை மூடிக்கொண்டு வால் நுனியைக் கவ்வினாள், தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். வேந்தர் அலறியபடி மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். ஆமை பின்னாலேயே கடகடவென்று உருண்டது. கர்ஜனை என்று குறிப்பில் எழுதினார்கள், இந்தத் தடவை உண்மையாகவே.

பதிவாளர் நரிப்பேரனுக்கு வியர்த்துவிட்டது. வெளி ஆமை எப்படி மேடையேறியது என்று கேட்டால் என்ன சொல்வது? முன்மாதிரி கேட்டுக் காப்பகத்துக்கு ஆள் அனுப்பியது. வளையப்பன் பழைய கோப்பைத் தூசி தட்டிக் கொடுத்தார். நரிப்பேரன் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டது: 'இப்பல்கலைக்கழகத்தின் பட்டதாரியாகிய நிதானவல்லி செய்த காரியம் பட்டதாரிக்கு அழகல்ல. விளக்கம் தருக.'

முதல் தூறலுக்கு முந்தின நாள் அவள் அதைக் கொப்பையாவிடம் நீட்டினாள்.

"டீச்சரம்மா, இது பட்டச் சான்று இல்லே. குற்றச்சாட்டு."

"ஆமாம் சார். உங்ககிட்ட இருக்கிறது மாதிரியேதான்."

கொப்பையா தலையைச் சொறிந்தார். இது செல்லாது என்றால் தன்னுடையதும் செல்லாது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார். முதலை தன் சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு வேறு குளம் பார்க்கப் போனது.

நிதானவல்லி அதோடு விடவில்லை. ஒழுக்கமாக வளர்ந்தவள் அல்லவா? விளக்கம் கேட்டார்களே என்று, மன்னிப்புக் கேட்டு முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பதில் எழுதிக் காப்பகத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். வளையப்பன் பதறிப்போய்க் குறுக்கே விழுந்தார்.

"ஐயோ டீச்சர், பதில் எழுதிடாதீங்க! பதில் வந்தா விசாரணை முடிஞ்சிரும். விசாரணை முடிஞ்சா நீங்க வெறும் மாணவர் கோப்பு. அப்புறம் மூணு வருஷம்தான், எங்க வீட்டுல கல்யாணச் சாப்பாடு. கொப்பையா இன்னிக்கு வரைக்கும் பதில் போடலே தெரியுமில்ல?"

அவள் கடிதத்தோடு குளத்துக்குத் திரும்பி, அதைத் தண்ணீரில் விட்டாள். மை கரைந்து போவதைத் தலைப்பிரட்டைகள் சுற்றிநின்று வேடிக்கை பார்த்தன. "என்ன பாடம் டீச்சர் இது?" என்று ஒரு சின்னது கேட்டது. மறுநாள் முதல் அந்தப் பள்ளியில் எழுத்துக்கு முன்னால் கடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

நீதி: ஒழுங்காக இருப்பவர்கள் எல்லோரும் 'ஏனையோர்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவார்கள். உங்கள் படிப்புக்கு ஆதாரம் வேண்டுமானால் பெரிய இடத்து வால் ஒன்றைக் கவ்வி வையுங்கள், ஆனால் உயிரே போனாலும் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள்.