நிறஞ்சலாவின் பக்கத்துக்கு வந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்

கீரி,
மன்னார்.
செவ்வாய்க்கிழமை, காலை.

அன்புள்ள மருமகன் றொட்னிக்கு,

உமது தாய்மாமன் அமிர்தநாயகம் எழுதிக்கொள்வது. முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள்ளும். எழுபத்தோராவது வயதில் எழுதப் பழகியவனின் கை இது. கோட்டுக்கு மேலே ஏறும், கீழே இறங்கும், சில இடங்களில் பேனை தாளைக் கிழித்தும் இருக்கும். வாசிக்கக் கண் நோகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதில் ஓர் எழுத்தையும் வேறொருவர் போட்டுத் தரவில்லை. போன வருஷம் வரைக்கும் வங்கியில் பெருவிரலை மையில் தோய்த்தவன் இன்றைக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதுகிறான் என்று நினைக்க எனக்கே என்மேல் ஒரு மரியாதை வருகிறது. ஆண்டவர் அருளால் நான் சுகம். நீரும் மருமகள் மதுஷிகாவும் கொழும்பில் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இனி விஷயத்துக்கு வரவேண்டும். வரத்தான் பயமாக இருக்கிறது.

இதைத் தொலைபேசியில் சொல்லலாம். சொன்னால் நீர் “மாமா, மீற்றிங்கில நிக்கிறன்” என்று வைத்துவிடுவீர், பிறகு என் மகள் நிறஞ்சலாவுக்கு எடுத்துச் சொல்லியும் விடுவீர். தாளில் எழுதினால் கடைசிவரை வாசிப்பீர். கைபேசி திருத்தும் பாயிஸ் தம்பி இதைப் படம் பிடித்து உமக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நிறஞ்சலா ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். அதற்குள் நீர் என்னைக் காப்பாற்ற வேண்டும்.

அவளும் புருஷனும் மாமியாரின் கண் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போய் மூன்று கிழமை ஆகிறது. எங்கள் இரண்டு வாடகை அறைகளுக்காக நீர் செய்து கொடுத்த வலைப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டுத்தான் போனாள். பெரிய கைபேசி போன்ற அந்தப் பலகையை என் கையில் வைத்து, “அப்பா, ஆரும் அறை கேட்டு எழுதினா மட்டும் பச்சைப் பொத்தானை அமத்தி உள்ளுக்கு விடுங்கோ. மற்றதெல்லாம் அப்பிடியே கிடக்கட்டும், நான் வந்து பாக்கிறன்” என்றாள். “ஓம் பிள்ளை” என்றேன். அந்த ஓமை நினைத்துத்தான் இப்போது நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாளே ஒருவர் எழுதியிருந்தார். குளியலறையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று நிறஞ்சலா எழுதி வைத்ததன் கீழே, “உங்கள் கட்டுரை மிகவும் அற்புதமானது, இது என் வாழ்க்கையை மாற்றியது, எனது பக்கத்தின் இணைப்பையும் இங்கே விட அனுமதியுங்கள்” என்று இருந்தது. பெயர் மலிவுக் காலணி. பட்டப்பெயராக்கும் என்று நினைத்தேன். எங்கள் கரையில் நண்டு, கட்டையன், தார்ப்பீப்பாய் என்று இதைவிட மோசமான பெயர்களோடு கௌரவமான ஆட்கள் இருக்கிறார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. என் வாழ்க்கையில் ஒருவர் எழுத்து மூலம் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. எப்படி மாட்டேன் என்பது?

அதோடு என் மனதில் வேறொரு குற்ற உணர்வும் இருந்தது. கூகிளில் கீரியில் தங்க இடம் தேடினால் எங்கள் வீடுதான் முதலாவதாக வருகிறது என்று நிறஞ்சலா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள் அல்லவா? எனக்கு அது கூச்சமாகவே இருந்தது. உமக்குத் தெரியும், எங்கள் கரையில் கரைவலை வளைப்பது முறை வைத்து. இன்றைக்கு ஒரு வலை என்றால் நாளைக்கு அடுத்தவரின் வலை. நேற்று நல்ல மீன் பட்டது, ஆகவே இன்றைக்கும் நானே வளைப்பேன் என்று ஒருவன் நின்றால் கரையில் ஒருவரும் அவனோடு கதைக்க மாட்டார்கள். இரண்டு வருஷமாக என் மகள் ஒருநாளும் தவறாமல் முதலாவதாக நின்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. அதனால் மலிவுக் காலணிக்குப் பச்சையை அமத்தினேன். அமத்தியது மட்டுமல்ல, “வாருங்கள், எல்லாருக்கும் இடம் உண்டு, முறைப்படி வரவும்” என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒரு பதிலும் போட்டேன்.

றொட்னி, நான் சொன்னதை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் காலையில் நாற்பது பேர். எடை குறைப்பு, முடி வளர்ச்சி எண்ணெய், அதிர்ஷ்டச் சூதாட்டம், ஒரே நாளில் கடன் என்று வரிசையில் நின்றார்கள். எல்லாரும் எவ்வளவு பண்பானவர்கள்! ஐயா என்கிறார்கள், வாழ்த்துகிறார்கள், என் எழுத்து நடையைப் புகழ்கிறார்கள். நானும் ஒருவரையும் விடாமல் பதில் எழுதினேன். ஒரு பெண் தன் புருஷன் விட்டுப் போனதாகவும் ஒரு மந்திரவாதி அவரைத் திருப்பிக் கொண்டுவந்ததாகவும் எழுதியிருந்தாள். மந்திரவாதி எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் அவளுடைய கண்ணீர் மனதைப் பிசைந்தது. ஞாயிறு பூசைக்கு மன்றாட்டுத் துண்டு எழுதிப் போட்டேன், கூடவே மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டேன். சுவாமி கண்ணாடி போடாததால் பெயர்களைக் கவனிக்காமல் வாசித்துவிட்டார்: “மலிவுக் காலணி குடும்பத்தாருக்காகவும், எடை குறைப்பு அவர்களின் சுகத்துக்காகவும் மன்றாடுவோமாக.” சனம் முழுவதும் “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. பக்கத்து வாங்கில் இருந்த றஞ்சிதம் மட்டும் திரும்பி, “ஆரண்ணை அது, பேசாலைப் பக்கத்து ஆக்களோ?” என்று கேட்டாள்.

பயம் தொடங்கியது போன வியாழக்கிழமை. “உங்கள் தளம் பெரும் ஆபத்தில் உள்ளது. தரவரிசை நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் வீழ்ச்சி அடையும். இது இறுதி அறிவித்தல்” என்று ஒன்று வந்தது. வாசிக்கத் தெரியாத காலத்தில் ஓர் அறிவித்தலும் என்னைப் பயமுறுத்தியதில்லை, வந்தால் மடித்து அலுமாரியில் வைத்துவிடுவேன். இப்போது ஒவ்வொரு சொல்லும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளி போய்ச் சனியும் போனது. அறை கேட்டு ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது அடிக்கும் தொலைபேசி அடிக்கவே இல்லை. நான் அதைக் கழற்றித் துடைத்தும் பார்த்தேன்.

திங்கள் காலை பலகையைத் தூக்கிக்கொண்டு மன்னார் நகரத்துக்குப் போய் பாயிசிடம் கொடுத்தேன். அவர் தேடினார். முதல் பக்கத்தில் நாங்கள் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில், ஒரு சீமெந்துக் கடைக்கும் கீழே, எங்கள் வீடு கிடந்தது. தொட்டால் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வருகிறது. பாயிஸ் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“என்ன ஐயா செஞ்சிருக்கீங்க! அறுநூற்றுப் பன்னிரண்டு ஸ்பாம்! கள்ளனுக்குக் கதவைத் திறந்துவிட்டுக் கதிரையும் போட்டுக் கொடுத்திருக்கீங்க.”

“அதுகள் நல்ல சனம் தம்பி. வணக்கம் சொல்லாமல் ஒண்டும் வாறதில்லை.”

“சனமா? மெசின் ஐயா, மெசின்! அதுகளுக்கு உங்கட இணைப்புத்தான் வேணும். நாலு பக்கத்தில தங்கட இணைப்பு நிண்டா தாங்களும் பெரிய ஆள் எண்டு கூகிளுக்குக் காட்டலாம். இப்ப கூகிள் என்ன நினைக்கும்? இந்த வீட்டில கூடாத கூட்டம் சேருது, இனி ஆரையும் இந்தப் பக்கம் அனுப்பக் கூடாது எண்டு நினைக்கும்.”

“மெசினுக்கு ஏன் தம்பி என்ர மகளின்ர குளியலறை மேல இவ்வளவு விருப்பம்?”

அவர் ஒவ்வொன்றாக அழிக்கும் வழியைக் காட்டி என்னை அனுப்பிவிட்டார். நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். வாசிக்காமல் அழிக்க எனக்கு மனம் வராது. வாசித்த பிறகு அழிக்க அதைவிட மனம் வராது. “தங்கள் பணி தொடர வாழ்த்துகள் ஐயா” என்று எழுதிய ஒன்றை எந்தக் கையால் அழிப்பது? பொழுதுபடும்வரை இருந்தும் நான் அழித்தது ஒன்றே ஒன்று. அதில் வணக்கம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை, நன்றி இல்லை. “வெள்ளி ரூம் இருக்கா. 5 பேர்” என்று மட்டும் இருந்தது. இதுதான் மெசின் என்று சந்தோஷமாக அழித்துவிட்டுப் பாயிசுக்கு எடுத்துப் பெருமையாகச் சொன்னேன். என்ன எழுதியிருந்தது என்று மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, “ஐயா, அது ஒண்டுதான் மனுசன்” என்றார்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாரும். அறுநூற்றுப் பன்னிரண்டு மெசின்களும் எங்கள் வீட்டு விலாசத்தை வைத்திருக்கின்றன, அதை நிறஞ்சலா முதல் வரியிலேயே பெரிதாகப் போட்டிருக்கிறாள். ஆட்டோ ஒன்று வாசலில் நின்றால் முடி வளர்ச்சி எண்ணெய் வந்துவிட்டார் என்று யன்னல் சீலையை விலக்கிப் பார்க்கிறேன். இன்று காலை வாசல் படலையில் கழுதை உரசிய சத்தத்துக்கு நான் குசினிக்குள் அடுப்புக்குப் பின்னால் போய் நின்றேன். ஆனால் அவர்களுக்குப் பயப்படுவதைவிட மகளுக்குத்தான் அதிகம் பயம். அந்த இரண்டு அறைகளையும் அவள் கல்லுக் கல்லாகக் கட்டினவள். வெறுமையாகக் கிடக்கும் கட்டிலையும் என்னையும் மாறி மாறி ஒரு பார்வை பார்ப்பாள். சத்தம் போட்டாளென்றால் பரவாயில்லை, அவள் போடமாட்டாள். பலகையை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி, “பரவாயில்லை அப்பா” என்பாள். அதைக் கேட்க என்னால் முடியாது.

ஆகவே றொட்னி, ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நீர் அங்கிருந்தபடியே எல்லாரையும் அழித்து, பக்கத்தைப் பழைய இடத்தில் ஏற்றிவிடும். இனி முறை, கிறை என்று நான் குறுக்கே நிற்கமாட்டேன், முதலாவதாகவே நிற்கட்டும். அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் மரியாதையாக அழியும்.

மாதா உம்மையும் மதுஷிகாவையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. உமது அம்மாவிடம் தம்பி கேட்டதாகச் சொல்லும், கடிதத்தைக் காட்டவேண்டாம்.

இங்ஙனம்,
உமது அன்பு மாமா,
சூ. அமிர்தநாயகம் (கையொப்பம் நானே வைத்தது)

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துப் பாயிஸ் வரும்வரை காத்துக்கொண்டிருந்த நேரத்தில் பலகையில் புதிதாக ஒன்று வந்தது. “ரேங்க் சரி செய்வோம். பாஸ்வேர்ட் அனுப்பு.” வணக்கம் இல்லை, ஐயா இல்லை, வாழ்த்தும் இல்லை. உடனே பிடித்துக்கொண்டேன், இது மனுசன்தான். நிறஞ்சலா மேசை லாச்சிக்குள் எழுதி வைத்திருந்த கடவுச்சொல்லைப் பிழையில்லாமல் பார்த்து எழுதி அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் வேலை தொடங்கிவிட்டது, அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் காணவில்லை, எங்கள் இரண்டு அறைகளின் படங்களையும் கூடக் காணவில்லை, அவ்வளவு துப்புரவு. ஆகையால் மேலே எழுதிய ஒன்றையும் நீர் செய்யவேண்டாம். பயமெல்லாம் போய் நெஞ்சு காற்றுப் போல இருக்கிறது. பாதுகாப்புக்காகக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்களாம், புதியதை அடுத்த கிழமை எனக்குத் தருவார்களாம். தந்த அன்றைக்கே உமக்கு எழுதுகிறேன்.