ஜும்மன் கூரைக்கு மண் பூசினான்

உயிர் உள்ளவரை சிராஜுதீன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று மெஹர்தீன் சபதம் செய்து எட்டு வருஷம் ஆகிறது. காரணம் சின்னதல்ல. சிராஜ் மகள் கல்யாணத்தில் புலாவ் பரிமாறினார்கள். பக்கத்தில் உட்கார்ந்த தபால்காரனுக்கு மூன்று துண்டு இறைச்சி. மெஹர்தீனுக்கு ஓர் எலும்பு. அதுவும் யாரோ கடித்துப் பார்த்து வேண்டாமென்று விட்டதுபோல வழவழவென்று. இதை மறக்கிறவன் மனிதனா?

சபதம் சுகமாகத்தான் நடந்தது, சிராஜ் டி.வி. வாங்கும்வரை. லாகூரில் அந்தச் சந்துக்கே அது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு நாடகம். ஏழைபாழைகள் கதையாம், வயிறு வலிக்கச் சிரிக்கலாமாம். எட்டடிக்கும் முன்பே சந்து காலி. மெஹர்தீனின் மனைவி சுக்ராவும் மகள் நிம்மோவும் முதல் ஆளாய்ப் போய் இடம் பிடிப்பார்கள். அவன் மட்டும் மொட்டைமாடியில், கயிற்றுக்கட்டிலில். எதிர்வீட்டுச் சிரிப்பு மட்டும் காற்றில் மிதந்து வரும். பசியோடு இருப்பவன் அடுத்த வீட்டுத் தாளிப்பை மோப்பம் பிடிக்கிற கதை.

தன் சைக்கிள் கடையில் அறிவித்துவிட்டான்: "அந்த நாடகப் பேச்சை இங்க எவன் எடுத்தாலும் பஞ்சர் ஒட்ட மாட்டேன்."

ஆனால் ரொட்டி தின்னும்போது சுக்ராவிடம், எங்கோ பார்த்துக்கொண்டு, "என்னவாம் இன்னிக்கு?" என்பான்.

"உங்களுக்கெதுக்கு? சிராஜ் வீட்டு டி.வி.யில வந்ததாச்சே."

"டி.வி. அவனுது. கதை அவங்கப்பன் வீட்டுதா?"

"ஜும்மன்னு ஒரு ஆளு. ரயில் நிலையத்துல மூட்டை தூக்குறவன். மழைக்கு முன்னால, ஒழுகாம இருக்க மொட்டைமாடிக் கூரைக்கு மண்ணும் வைக்கோலும் குழைச்சு, ஒத்தை ஆளாப் பூசிட்டான், நிம்மோ அப்பா! அவன் பெண்டாட்டி கீழ நின்னு பாத்தா பாருங்க ஒரு பார்வை... பொம்பளைங்க எல்லாம் கண்ணைத் துடைச்சிக்கிட்டோம்."

நிம்மோ துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து மெஹர்தீனுக்கு ஜும்மன் நினைப்புத்தான். சக்கரத்தைச் சுழலவிட்டால் கம்பிகளுக்கு நடுவே ஜும்மன் தெரிவான். அகன்ற தோள், சிவப்புச் சட்டை, தன்னைப்போலவே கொஞ்சம் வளைந்த மூக்கு. மேகம் பார்த்தபடி கூரையில் நிற்பான். பூசிய மண்ணின் ஈரவாசனை கடைவரைக்கும் வரும். அந்த வெள்ளிக்கிழமை மெஹர்தீன் தன் கூரைக்கு மண் பூசினான். ஒரு மூட்டைதூக்கிக்கு இருக்கிற கெட்டிக்காரத்தனம் நமக்கில்லையா?

அடுத்த வாரம் ஜும்மன் குழாயடியில் வரிசை நின்று தண்ணீர் பிடித்தான். மெஹர்தீனும் பிடித்தான். ஜும்மன் மனைவிக்கு வளையல் வாங்கினான். மெஹர்தீன் ஒரு டஜன் வாங்கினான்.

பத்தாவது வாரம் சுக்ரா பெருமூச்சு விட்டாள். "ஜும்மனுக்கு ஒரு பகையாளி. பல வருஷப் பகை. இன்னிக்கு அவன் வாசல்ல போய் நின்னான். ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. அதோட முடிச்சிட்டாங்க."

"உள்ள போனானா?"

"அடுத்த செவ்வாய்தான் தெரியும்."

"ஏன் போகணும்? எலும்பு போட்டவனா இருந்தா?"

"எனக்கென்ன தெரியும்? நேர்ல பாக்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

ஆறு நாள் அந்த ஒற்றைக்கால் அவனைப் படுத்தியது. பஞ்சர் ஒட்டினால் வேறு இடத்தில் ஒட்டினான். ஏழாம் நாள் எட்டு மணிக்கு, தன் கால் சிராஜின் வாசலைத் தாண்டுவதைத் தானே பார்த்தான்.

"வாங்க மெஹர் பாய்!" சிராஜ் எழுந்து கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் இடம் கொடுத்தான். தலைமாட்டுப் பக்கம்! மதிப்பான விருந்தாளிக்கு மட்டும் கொடுக்கிற இடம். புலாவ் எலும்பு தொண்டையில் கொஞ்சம் அசைந்து கொடுத்தது.

நாடகம் ஓடியது. ஒரு நாவிதன் வந்தான். அவனுடைய மூன்று மருமகன்கள் வந்தார்கள். வீட்டுக்காரன் வந்து கத்தினான். சந்தே உருண்டு சிரித்தது. மெஹர்தீன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான்.

"சிராஜு, ஜும்மன் எப்ப வருவான்?"

"எந்த ஜும்மன், பாய்?"

"மூட்டை தூக்குறவன். கூரைக்கு மண் பூசினவன்."

"இதுல அப்படி யாருமே இல்லையே!"

மெஹர்தீன் மெதுவாகத் திரும்பினான். சுக்ரா, பன்னிரண்டு வளையல் போட்ட கையால் துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு, கண் கொட்டாமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது அவன் சந்து நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தான். மேலே, தன் கையால் பூசிய கூரை நிலா வெளிச்சத்தில் மினுங்கியது. அங்கே சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் நிற்பதுபோலவே இருந்தது. நாவிதன் கிடக்கிறான், இவனுக்கு ஈடாவானா?

"சுக்ரா."

"ம்."

"அவன் உள்ள போனானா, இல்லையா?"

"போனான். தலைமாட்டுல உக்கார வச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, அடுத்த வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறான்."