பெரியவருக்குப் போட்ட தரைகள்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே சௌக்கியமாக இருப்பவர்களில் உங்கள் ஆமைப் பெரியவரை நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனை எடுத்ததும் பெரியவரைக் காட்டுங்கள் என்கிறீர்கள். நானும் அவர் தூங்குகிறார், குளிக்கிறார், வெயில் காய்கிறார் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்து, போன வாரம் வேறு வழியில்லாமல் முதுகை மட்டும் காட்டினேன். நல்லவேளையாக, ஆமையின் முதுகைப் பார்த்து யாரும் அது பட்டினி கிடக்கிறது என்று கண்டுபிடித்துவிட முடியாது.

ஆமாம் மாப்பிள்ளை, பெரியவர் சாப்பிடவில்லை. நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். வெளியூரில் தோட்டத்தோடு வீடு கிடைக்கும்வரை என்று நீங்கள் அவரை எங்கள் பின் அறையில், ஜன்னலோரமாகப் பலகை அடைப்புக்குள் விட்டுவிட்டுக் கிளம்பும்போது, "மாமா, உள்ள இருக்கிற மண்ண மட்டும் மாத்தாதீங்க" என்று சொன்னீர்கள். அப்போது தலையாட்டினேன். ஆனால் நான் வாழ்நாள் முழுக்கத் தரை போட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சுவரைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள். நான் குனிந்து மூலையைப் பார்ப்பேன். உங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோதும் உங்கள் அப்பா பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை, குளியலறையில் ஊற்றிய தண்ணீர் தேங்காமல் வாட்டம் பிடித்து ஓடுகிறதா என்றுதான் பார்த்தேன், ஓடியது, அதனால்தான் சம்பந்தத்துக்குச் சரி என்றேன். அப்படிப்பட்டவனுடைய வீட்டில் ஒரு ஜீவன் மண் தரையில் கிடக்கிறது என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? தரைக்காரர் வீட்டு ஆமைக்குத் தரை இல்லை என்று என்னிடம் வேலை பழகினவர்களே சிரிப்பார்கள். எனவே நீங்கள் போன மறுவாரமே மண்ணை அள்ளிச் செடிகளுக்குப் போட்டுவிட்டு, கையிருப்பில் இருந்த டைல்ஸில் பளபளப்பானதாகப் பொறுக்கி, ரசமட்டம் வைத்து, விரலால் தட்டிச் சத்தம் பார்த்து ஒட்டினேன். என் கைவேலையிலேயே அது முதல்தரம். பெரியவரை அதில் இறக்கிவிட்டேன். நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போய், வயிறு தரையில் ஒட்டிக்கொள்ள, கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் என் மேஸ்திரியிடம் வேலை பழகிய காலத்தில் வாங்கியிருக்கிறேன்.

வழுக்குகிறது, அவ்வளவுதானே என்று அதன்மேல் செய்தித்தாளை விரித்தேன். அதுவும் சேர்ந்து வழுக்கியதோடு, தலையங்கத்தில் ஒரு மூலையைக் கடித்து வாயில் வைத்திருந்தார். சரி, மெத்தென்று இருக்கட்டும் என்று பழைய கம்பளத்தை வெட்டிப் போட்டேன், நகம் நூலில் மாட்டிக்கொண்டு இழுக்க, உங்கள் அத்தைதான் கத்தரிக்கோலோடு வந்து விடுவித்தாள். அடுத்ததாக நம் தெருமுனை மரக்கடைக்காரர், நாயோ பூனையோ எதுவானாலும் மரச்சீவல்தான் உத்தமம் என்று ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். அந்த மரத்தின் வாசனை அறை முழுக்கக் கமகமவென்று அடித்தது, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. சாயங்காலத்துக்குள் பெரியவரின் கண் கலங்கி, மூக்கில் நீர் வந்து, அவர் தும்மினார். ஆமை தும்மும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. அதையும் அள்ளிக் கொட்டிவிட்டு, கலவைக்குச் சலித்து வைத்திருந்த மணலைப் பரப்பினேன். மணல் எனக்குப் பழகிய சரக்கு, அதில் தப்பு வராது என்று நினைத்தேன். அவர் கீரையோடு மணலையும் சேர்த்து விழுங்கினார். அத்தோடு கீரையையும் நிறுத்திவிட்டார்.

உங்கள் அத்தை இத்தனை நாள் வாய் திறக்காதவள், அன்றைக்குத் திறந்தாள். "ஏங்க, நீங்க அவருக்குத் தரை போடுறீங்களா, இல்ல உங்களுக்குப் போட்டுக்கிறீங்களா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பெரியவர் அடைப்பின் ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடந்தார், நின்றார், பலகையில் முட்டினார், திரும்ப நடந்தார், தட்டுப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து நீங்கள் வளர்த்தது. கல்யாணப் பேச்சின்போதே எங்கள் மகள், உங்களைக் கட்டினால் ஆமையையும் சேர்த்துத்தான் என்று எங்களுக்குச் சொல்லிவிட்டாள். அதை என் கையில் ஒப்படைத்தீர்கள். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு உங்கள் முன்னால் நிற்பேன்?

கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வாயைப் பிரித்துப் பார்த்தார், கண்ணுக்கு மருந்து விட்டார், மணல் வயிற்றில் தங்கவில்லை என்று எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், பிறகு ஒரு நாய்க்கு அவசரமாக ஊசி போடப் போகும் வழியில் என்ன தரை என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் ஊசியோடு நின்றுவிட்டார். "ஐயா, இது புதைஞ்சு வாழ்ற பிராணி. தோண்ட முடியாத இடம் அதுக்குத் தரையே இல்ல" என்றார். உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்டத்து மண், அதோடு தேங்காய் நார்த்தூள், ஆமை முழுசாகப் புதையும் ஆழம், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, இதுதான் அவர் சொன்ன பக்குவம். நான் சோர்ந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, தீவனம் வைக்கிற இடத்தில் மட்டும் ஒரு டைல்ஸ் போட்டுக்கொள்ளலாம், சொரசொரப்பானதாக இருக்கட்டும், அப்போதுதான் மண் வாயில் போகாது என்றார். அந்த ஒரு டைல்ஸை நான் எப்படிப் பதித்திருக்கிறேன் என்பதை நீங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

டைல்ஸை எல்லாம் உடைத்தெடுத்தேன். என் வேலையை நானே உளியால் பெயர்த்தது இதுதான் முதல் தடவை. மண்ணைச் சலித்து, நார்த்தூளை ஊறவைத்துக் கலந்து, கையால் பிடித்துப் பார்த்து நிரப்பினேன். பழக்கதோஷம், ரசமட்டம் வைத்துச் சமமும் செய்தேன். அவர் உள்ளே இறங்கிய கொஞ்ச நேரத்தில் அதை மேடும் பள்ளமுமாக ஆக்கிவிட்டார். நான் நிரவினேன். அவர் கலைத்தார். நான் மறுபடி நிரவப் போனபோது உங்கள் அத்தை ரசமட்டத்தை வாங்கிக்கொண்டு போனாள், எங்கே வைத்திருக்கிறாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் விஷயம் என்னவென்றால், சாப்பாடு மட்டும் இன்னும் இல்லை. ஒரு மூலையில் போய்ப் பின்னங்காலால் மண்ணை வாரி வாரி எறிகிறார், நான் கதவோரம் வந்தால் நிறுத்திவிட்டு முறைக்கிறார். டைல்ஸ், காகிதம், கம்பளம், சீவல், மணல், கடைசியில் மண் என்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. தப்பு தரையில் இல்லை, போட்டவன்மேல் அவருக்கு மனத்தாங்கல் என்றுதான் எனக்குப் படுகிறது. தோட்டத்தோடு வீடு கிடைத்துவிட்டது என்று எங்கள் மகள் சொன்னாள். விடுப்பில் வரும்போது பெரியவரைக் கையோடு அழைத்துப் போய்விடுங்கள். அவர் உயிரோடு உங்களிடம் வந்து சேர்ந்தால் அதுவே எனக்குப் போதும். உங்கள் அத்தைக்கும் இதே எண்ணம்தான், அவளுக்கும் ஓடி ஓடிக் கீரை நறுக்கிக் கை ஓய்ந்துவிட்டது.

எங்கள் மகளிடம் இதைப் பக்குவமாகச் சொல்லவும். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கம். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை பின் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மூலையில் தோண்டிய குழிக்குள் வெள்ளை வெளேரென்று முட்டைகள். பெரியவர் அவற்றைப் பின்னங்காலாலேயே அரைகுறையாக மூடிவிட்டு, என்னுடைய ஒற்றை டைல்ஸின்மேல் ஏறி நின்று, வைத்திருந்த கீரையை எல்லாம் தின்று தீர்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவைப் போனில் பிடித்தேன். வயிற்றில் முட்டை வந்தால் இப்படித்தான் சாப்பிடாமல் சுற்றுமாம், முட்டையிட நல்ல மண் கிடைக்காமல்தான் இத்தனை நாள் தவித்திருக்கிறது, படத்தை மணலுக்காக மட்டும் பார்த்ததில் முட்டையைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று அவரே வருத்தப்பட்டார். துணை இல்லாமல் இட்டதால் குஞ்சு பொரிக்காதாம், ஆனாலும் தாய்க்கு நல்ல தீனியும் ஓய்வும் வேண்டுமாம். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து ஆண் என்றே சொல்லி வளர்த்திருக்கிறீர்களே மாப்பிள்ளை, எங்கள் மகளையாவது சரியாகக் கவனிக்கிறீர்களா என்று உங்கள் அத்தை கேட்கச் சொல்கிறாள். இப்போது அவள் அடைப்புக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள், என்னைக்கூட உள்ளே விடுவதில்லை. நீங்கள் இருவரும் விடுப்பில் வந்து நன்றாகப் பார்த்துவிட்டுப் போங்கள். அழைத்துக்கொண்டு போகிற பேச்சு மட்டும் வேண்டாம், பச்சை உடம்புக்காரியை நாங்கள் எங்கும் அனுப்புவதாக இல்லை.