எக்ஸ்ரே அண்ணே காதில் விழுந்தது

காலை 7.40. பண்டமாரானில் ஒரு லோரி கம்பெனியில் ஆபீஸ் குமாஸ்தாவாக, எங்கள் பேச்சில் கிராணியாக, நான் சேர்ந்த முதல் நாள். முதலில் கண்ணில் பட்டவர், காதுக்கு ஒன்றாக இரண்டு போன்களைப் பிடித்திருந்த ஒரு கனத்த மனிதர். எந்த லோரி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவர். எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அண்ணே. மனிதர்களின் சொல்லை அவரைப் போல நம்பாதவரும், அவரைப் போலப் புரிந்துகொண்டவரும் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கிடையாது.

"வந்துகிட்டே இருக்கேன்லா அண்ணே," என்றார் போனில் ஒரு டிரைவர்.

"முதல்ல குளிச்சிட்டுக் கெளம்பு," என்று அண்ணே போனை வைத்துவிட்டார்.

என்னிடம் திரும்பினார். "வந்துகிட்டே இருக்கேன்னா வீட்ல இருக்கான். ரோடு ஜேம்னா டீ குடிக்கிறான். பக்கத்துலதான்னா இன்னும் ஷா ஆலமே தாண்டல."

ஒரு வாரம் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பாகப் போகவில்லை. மதியம் "பசிக்கலண்ணே" என்று நான் கூச்சத்தில் சொன்னால், ஒரு பொட்டலம் நாசி லெமாக் என் மேசைக்கு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மோகன் கூப்பிட்டார். இருபது வருட சர்வீசில் தான் இருக்கும் இடத்தை ஒருநாளும் சரியாகச் சொல்லாத டிரைவர்.

"அண்ணே, மேருவுல நிக்கிறேன். டயர் கடைக்கு எதிர்த்தாப்ல. லேட்டாகும், சாரி. ஒண்ணும் அவசரமில்ல."

எக்ஸ்ரே அண்ணேயின் முகம் வெளுத்தது.

"ஆம்புலன்ஸக் கூப்பிடும்மா!"

"அவசரமில்லன்னு சொன்னாரேண்ணே?"

"கேக்காமலே எடத்தச் சொல்றான். சாரி வேற சொல்றான். கூப்பிடு!"

நோயாளிக்கு என்ன என்று மறுமுனையில் கேட்டார்கள். உண்மை பேசுகிறார் என்றா சொல்வது? என்னிடமிருந்து போனைப் பிடுங்கி, "நெஞ்சு வலி," என்று எக்ஸ்ரே அண்ணேயே குத்துமதிப்பாக அடித்துவிட்டார்.

நெஞ்சு வலிதான். ஸ்டியரிங்கில் கவிழ்ந்து கிடந்தவரை எடுத்துப்போனார்கள். அரைமணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் மோகனைப் பார்க்கப் போனேன். கட்டிலருகே எக்ஸ்ரே அண்ணே நின்றிருந்தார். கண் திறந்தவரிடம், "லோரி பத்திரமா இருக்குடா," என்றார்.

மோகன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார்.

அந்த லோரியை எக்ஸ்ரே அண்ணே போய்ப் பார்க்கவே இல்லை. மூன்று நாளும் ஆஸ்பத்திரியில், மோகனின் கட்டிலருகேதான் இருந்தார்.